சுவரில் தொங்கிய என் ஊன்றுகோல்கள்

பிசியோதெரபி என்றால் மசாஜ் என்றுதான் நான் நம்பியிருந்தேன். வெள்ளை உடுப்பில் யாரோ வருவார்கள், எண்ணெய் தேய்த்து நீவிவிடுவார்கள், நான் கண்ணை மூடிக் குறட்டை விடுவேன், எழுந்து வீட்டுக்குப் போவேன். முதல் நாள் அதற்காகவே ஒரு சின்னத் துண்டும், சிராங்கூன் ரோட்டில் வாங்கிய மூட்டுவலித் தைலம் ஒரு பாட்டிலும் பையில் வைத்துக்கொண்டு போனேன். அப்போது எனக்கு வயது ஐம்பத்து மூன்று. அறிவு எத்தனை வயதில் நின்றுபோனது என்று என் மனைவி எஸ்தரிடம்தான் கேட்க வேண்டும்.

அதைவிடப் பெரிய முட்டாள்தனம் ஒன்றையும் நம்பினேன். சுகமாகிவிட்டேன் என்று சபை முன்னால் சொல்லிவிட்டால் போதும், சொன்னதை நிறைவேற்ற வேண்டியது கர்த்தருடைய பொறுப்பு என்று நம்பினேன். வாயை நான் விட்டுவிடுவேன், வேலையை அவர் பார்த்துக்கொள்வார். இன்று இதை எழுதும்போதும் காது சூடாகிறது.

நடந்தது இதுதான். ஜூன் மாதம், சனிக்கிழமை மதியம், நல்ல மழை. செங்காங்கில் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழே, கையில் பிரியாணிப் பொட்டலத்தோடு லிஃப்டைப் பிடிக்க ஓடினேன். போட்டிருந்தது தேய்ந்த ரப்பர் செருப்பு. வழுக்கியது. மூளையுள்ள மனிதன் பொட்டலத்தை விட்டுவிட்டுக் கையை ஊன்றியிருப்பான். நான் பொட்டலத்தை உயரத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முழங்காலைக் கொடுத்தேன். ஒரு பருக்கைகூடச் சிந்தவில்லை. முழங்கால் சில்லு மூன்று துண்டு.

அறுவை சிகிச்சை செய்து கம்பி போட்டுக் கட்டினார்கள். ஆறு வாரம் கால் மடங்காமல் பட்டையில் இருந்தது. அது வலது கால். இருபத்திரண்டு வருடமாக நான் பஸ் ஓட்டுகிறவன். வலது காலில்தான் பிரேக். அந்த முழங்கால் மடங்காவிட்டால் ஓட்டுநர் இருக்கையில் நான் உட்காரவே முடியாது. எனக்குத் தெரிந்த வேலை அது ஒன்றுதான். சமைக்கத் தெரியாது, கணினி தெரியாது. சிரிக்கவைக்கத் தெரியும், ஆனால் அதற்கு யாரும் வேலை கொடுப்பதில்லை.

அந்த ஆறு வாரமும் வெளியே ஜோக்கடித்துக்கொண்டே உள்ளே நடுங்கினேன். எஸ்தர் கோப்பி கொண்டுவந்து வைத்தால், "இதெல்லாம் இன்னும் எத்தனை நாளைக்கோ" என்று பெருமூச்சு விடுவேன். ஒரு நாள் என் மீன்பிடித் தூண்டில் யாருக்குப் போக வேண்டும் என்றுகூடச் சொல்லிவைத்தேன்.

"உடைஞ்சது முட்டிங்க. உயிரில்ல" என்றாள் எஸ்தர்.

பட்டையைக் கழற்றினார்கள். தெரபிக்கு அனுப்பினார்கள். அங்கே வந்தவர் பெயர் ஷர்மினி. முப்பதைத் தாண்டியிருக்கலாம். இறுக்கிக் கட்டிய கொண்டை, நெற்றியில் மெல்லிய திருநீற்றுக் கோடு, கையில் கோணம் அளக்கும் பிளாஸ்டிக் அளவுகோல்.

"அங்கிள், ஜீன்ஸ் போட்டுட்டு வந்திருக்கீங்க. முட்டி எங்க?"

"உள்ளதான்மா இருக்கு."

"அடுத்த தடவை லூசா ஷார்ட்ஸ் போட்டுட்டு வாங்க. டாக்டர் கொடுத்த பெயின் கில்லர் போட்டீங்களா? செஷனுக்கு முன்னாடி போடச் சொல்லியிருப்பாங்களே."

"ஜெபம் பண்ணிட்டு வந்தேன்."

"ரெண்டும் பண்ணலாம் லா. இது என்ன பாட்டில்?"

"தைலம். நீங்க தேய்க்கிறதுக்கு."

பாட்டிலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "அங்கிள், நான் தேய்க்க மாட்டேன். நீங்கதான் மடக்கப் போறீங்க."

"அப்ப நீங்க என்ன செய்வீங்க?"

"நான் எண்ணுவேன்."

முப்பது எண்ணுவதற்குள் எனக்குத் தெரிந்த பரிசுத்தவான்கள் அத்தனை பேரையும் கூப்பிட்டுவிட்டேன். அளந்து பார்த்தார். முப்பத்தெட்டு டிகிரி. "பத்துக்கு எவ்ளோ பெயின்?" என்று கேட்டார். எட்டு. ஆனால் வாய் "ரெண்டு" என்றது. வீட்டில் செய்யச் சொல்லி ஒரு தாளும் கொடுத்தார். அதை மடித்து ஜீன்ஸ் பையில் வைத்தேன். எஸ்தர் அதைத் துவைத்தாள். தாள் போயிற்று. எனக்கு வருத்தமே இல்லை.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை சபைக்குப் போனேன். எங்கள் சபை லிட்டில் இந்தியாவில் ஒரு கடைவீட்டின் மாடியில் கூடுகிறது. இருபத்தாறு படி. எங்கள் வழக்கம் உங்களுக்குத் தெரியும். பாட்டு முடிந்ததும், அந்த வாரம் நன்மை பெற்றவர்கள் எழுந்து சாட்சி சொல்வார்கள். நான் எழுந்தேன். சும்மா "எனக்காக ஜெபியுங்கள்" என்று சொல்லத்தான் எழுந்தேன், சத்தியம். ஆனால் முன்னால் எழுபது முகம். கைதட்டல். எனக்குக் கைதட்டல் என்றால் பலவீனம். பிரியாணிக் கதையைச் சொன்னேன், சிரித்தார்கள். மூன்று துண்டைச் சொன்னேன், உச்சுக் கொட்டினார்கள். பிறகு என்ன ஆயிற்றோ, "இன்றைக்கு இந்த இடத்தில் நான் சுகமானேன்!" என்று கத்தினேன். இரண்டு ஊன்றுகோலையும் பக்கத்தில் இருந்த பிரதர் ஜெபராஜ் கையில் கொடுத்துவிட்டு மூன்றடி நடந்தேன். சபை எழுந்து நின்று ஆர்ப்பரித்தது.

கூட்டம் முடிந்ததும் பாஸ்டர் என்னை ஓரமாக அழைத்தார். "பிரதர் சைமன், டாக்டர்கிட்ட கேட்டீங்களா?"

"பெரிய டாக்டரே பார்த்துட்டார், பாஸ்டர்" என்றேன். மடத்தனத்திலும் எனக்கு நகைச்சுவை குறையாது.

வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததும் எஸ்தர் சொன்னாள்: "ரயில் ஸ்டேஷன்லருந்து வீடு வரைக்கும் என் தோளைப் பிடிச்சுட்டு வந்தீங்க. சுகம் அந்த மாடியில மட்டும்தான் வேலை செய்யுதா?"

அடுத்த வெள்ளி போனபோது எனக்கு மூச்சு நின்றது. ஜெபராஜ் எலக்ட்ரீஷியன், ஆணி அடிப்பதில் கெட்டிக்காரர். பிரசங்க மேடைக்கு வலப்பக்கச் சுவரில் என் ஊன்றுகோல் இரண்டையும் குறுக்காக மாட்டிவைத்திருந்தார். கீழே கொட்டை எழுத்தில் ஒரு தாள்: சகோதரர் சைமன், பூரண சுகம். அதன் முன்னால் நின்று ஆட்கள் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். என்னையும் நிற்க வைத்து எடுத்தார்கள். எல்லாப் படத்திலும் பல் தெரியச் சிரிக்கிறேன். உற்றுப் பார்த்தால் இடது காலில் மட்டும் நிற்பது தெரியும்.

பூரண சுகம் பெற்றவன் தெரபிக்குப் போக முடியுமா? இரண்டு செஷனுக்குப் போகவில்லை. காய்ச்சல் என்று போன் செய்து சொன்னேன்.

டாக்டரிடம் போக வேண்டிய நாள் வந்தது. அவர் காலை மடக்கிப் பார்த்தார். நாற்பதுகூட வரவில்லை. நான் ஒரு ஜோக் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"எலும்பு சேர்ந்துடுச்சு. ஆனா முட்டி இறுகிக்கிட்டே போகுது. ஆறு வாரம் தரேன். தொண்ணூறு வரலன்னா, மயக்க மருந்து கொடுத்து நாங்க வலுக்கட்டாயமா மடக்கணும். சேர்ந்த எலும்பு மறுபடி விட்டுக்கிற ரிஸ்க் இருக்கு. ஓட்டுநர் வேலையைப் பத்தி அப்புறம்தான் பேச முடியும்" என்று தமிழும் ஆங்கிலமும் கலந்து சொன்னார்.

ஆறு வாரம். தொண்ணூறு டிகிரி. வெளியே வந்து நாற்காலியில் உட்கார்ந்தேன். காலை நீட்டித்தான். "ஆண்டவரே, மயக்க மருந்து வேண்டாம். ஆபரேஷன் தியேட்டர் வேண்டாம். அந்த ஷர்மினியும் வேண்டாம். நீரே நேரடியாக மடக்கிவிடும்" என்று ஜெபித்தேன். கேட்பதிலும் ஒரு அளவு வேண்டாமா?

பயத்தில், எஸ்தரின் தோளைப் பிடித்துக்கொண்டு தெரபிக்குத் திரும்பிப் போனேன்; ஊன்றுகோல் வீட்டில் இருப்பதாகச் சொல்லிவைத்தேன். செவ்வாய், சனி, வாரம் இருமுறை. ஷர்மினி திட்டவில்லை. புதுத் தாள் கொடுத்தார். "இங்க நான் பாக்குறது வாரத்துல ரெண்டு மணி நேரம், அங்கிள். மிச்சமெல்லாம் உங்க வீட்டுக் கட்டில்லதான் நடக்கணும்" என்றார். முட்டிக்கு அடியில் தலையணை வைத்துத் தூங்குவதை நிறுத்தச் சொன்னார். சுகமாகத்தான் இருக்கும், ஆனால் கால் நேராகாமல் போய்விடுமாம். மசாஜுக்கு என்று நான் கொண்டுபோன துண்டை எடுத்து என் பாதத்தில் சுற்றி, இரண்டு முனையையும் என் கையிலேயே கொடுத்தார். "இழுங்க. முப்பது செகண்ட் பிடிங்க. கடிகாரம் பாக்க வேணாம்னா, உங்க ஜெபம் ஒண்ணு சொல்லுங்க, சரியா இருக்கும்."

கர்த்தர் கற்றுக்கொடுத்த ஜெபத்தை ஆரம்பித்து ஆமென் சொல்லிக் காலை விட்டேன்.

"பதினொரு செகண்ட்" என்றார் ஷர்மினி. "இது ஜெபமா, எக்ஸ்பிரஸ் பஸ்ஸா? உங்க சாமி என்ன, ஸ்டாப்புல நிக்கிறவரா, நீங்க நிறுத்தாம போறதுக்கு? மெதுவா பேசுங்க லா."

நாற்பது வருடமாகச் சொல்லிவரும் ஜெபத்தை, ஒரு வார்த்தையும் தாவாமல் நான் சொன்னது அன்றுதான்.

கால் மடங்க ஆரம்பித்தது. ஒரு செவ்வாய் ஐம்பத்திரண்டு. அந்தச் சனிக்கிழமை நாற்பத்தொன்பது. அடுத்த செவ்வாய் ஐம்பத்தெட்டு. சனிக்கிழமை ஐம்பத்து மூன்று. முட்டி பூசணிக்காய் மாதிரி வீங்கியிருந்தது. மூன்றாவது வாரமும் அப்படியே. இருந்த ஆறு வாரத்தில் பாதி போய்விட்டது.

ஷர்மினி அளவுகளைக் குறித்துவைத்த அட்டையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். "செவ்வாய்க்கிழமை ஏறுது. சனிக்கிழமை இறங்குது. வெள்ளிக்கிழமை என்ன நடக்குது, அங்கிள்?"

"ஒண்ணுமில்லையே."

"ஃபுட்பால் ஆடுறீங்களா?"

"சபைக்குப் போறேன். அவ்ளோதான்."

"ஊன்றுகோல் வச்சுக்கிட்டா?"

நான் கூரையைப் பார்த்தேன். வெள்ளிதோறும் இருபத்தாறு படி ஏறி, இரண்டு மணி நேரம் நின்று பாடி, கைதட்டி, சுகமானவன் வேடம் போட்டுவிட்டு வருவதை அந்த மேசையில் படுத்தபடி எப்படிச் சொல்வது? "வச்சுக்கிட்டுதான்" என்றேன். ஐஸ் பையை முட்டிமேல் வைத்தார். "நீங்க சொல்றத வச்சுதான் நான் எக்ஸர்சைஸ் கொடுக்குறேன். தப்பா சொன்னா தப்பாதான் கொடுப்பேன்" என்று மட்டும் சொன்னார்.

அடுத்த வெள்ளிக்கிழமை, நான்காவது வாரம். கூட்டம் முடிந்து ஜெபராஜ் வந்து என் கையைப் பிடித்தார். மனிதனுக்கு நாற்பத்தைந்து வயது. பல மாதமாக வலது தோள் தூக்க முடியாமல் அவதிப்படுகிறவர். ஏணியில் ஏறினால் ஒரு கையால்தான் வேலை.

"அண்ணே, உங்க சாட்சிதான் எனக்கு தைரியம் கொடுத்துச்சு. நானும் தெரபிய நிறுத்திட்டேன். மிச்ச அப்பாயிண்ட்மெண்ட் எல்லாத்தையும் கேன்சல் பண்ணியாச்சு. விசுவாசம்னா அதுதானே?"

அந்த இருபத்தாறு படியில் இறங்கும்போது முட்டியின் வலி தெரியவில்லை. வேறு எங்கோ வலித்தது.

எஸ்தர் தேக்கா சந்தையில் சாமான் வாங்கப் போக வேண்டும் என்றாள். நான் மட்டும் பஸ் ஏறினேன். முன் இருக்கையில் காலை நீட்டி உட்கார்ந்தேன். அங்கிருந்து ஓட்டுநரின் வலது கால் தெரிந்தது. யாரோ எனக்குத் தெரியாத தம்பி. சிராங்கூன் ரோடு நெரிசலில் விட்டு விட்டுப் பிரேக் மிதிக்கிறார். பயணிகளின் தலை ஆடவில்லை. அவ்வளவு மெல்ல மடங்குகிறது முட்டி, அவ்வளவு மெல்ல நீள்கிறது. எனக்கு அழுகை வந்துவிட்டது. பக்கத்தில் இருந்த சீனப் பாட்டி ஒரு திசுத்தாளை நீட்டினார்.

அங்கேதான் ஜெபித்தேன். "ஆண்டவரே, முட்டி இருக்கட்டும். முதலில் இந்த வாயைச் சரிசெய்யும். ஜெபராஜுடைய தோள் என்னால் கெட்டுப்போகக் கூடாது." அவ்வளவுதான். நான் செய்த ஜெபங்களிலேயே ஜோக் இல்லாத ஒரே ஜெபம் அது.

மறுநாள் சனிக்கிழமை. ஷர்மினி அளக்கும் முன்னாலேயே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சாட்சி, சுவர், ஆணி, படி, வலி ரெண்டு இல்லை எட்டு என்பது, எல்லாம். அளவுகோலைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"எட்டுன்னு முதல்லயே சொல்லியிருந்தா வேற மாதிரி ஆரம்பிச்சிருப்பேன்" என்றார். பிறகு, "அந்த ஊன்றுகோல் ஆஸ்பத்திரியோடது, தெரியுமா? திருப்பிக் கொடுக்கணும்" என்றார். அதோடு சிரித்தும்விட்டார்.

ஐந்தாவது வாரம், வெள்ளிக்கிழமை. எஸ்தர் கையைப் பிடித்து மாடி ஏறினேன். சாட்சி நேரம் வந்தது. எழுந்தேன். சபை சிரிப்பதற்குத் தயாராக நிமிர்ந்து உட்கார்ந்தது. நான் ஒன்றும் பேசாமல் நொண்டிக்கொண்டே மேடைப் பக்கம் போய், சுவரில் இருந்த ஊன்றுகோலைக் கழற்ற ஆரம்பித்தேன். ஒன்று வந்தது. இன்னொன்று வரவில்லை. ஜெபராஜின் ஆணி. எழுபது பேர் பார்க்க இழுத்துக்கொண்டு நிற்கிறேன். முதுகில் வியர்வை ஓடுகிறது.

"நான் சுகமாகவில்லை" என்றேன், சுவரைப் பார்த்தபடியே. திரும்ப தைரியம் இல்லை. "அன்றைக்குச் சொன்னது பொய். கைதட்டினீர்கள், சொல்லிவிட்டேன். முட்டி அறுபதைத் தாண்டவில்லை. இன்னும் ஒன்றரை வாரம்தான் இருக்கிறது. தெரபிக்குப் போய்க்கொண்டிருக்கிறேன். ஒளிந்து ஒளிந்து போகிறேன்."

பின் வரிசையிலிருந்து கீபோர்டு வாசிக்கும் ரெபேக்கா அக்காவின் குரல் வந்தது.

"எங்களுக்குத் தெரியும், சைமன். நீ படியேறும்போது 'அப்பா அப்பா'ன்னு கூப்பிடுறது கீழ இருக்குற துணிக்கடை வரைக்கும் கேக்குது. நீயா சொல்லுவேன்னு காத்துக்கிட்டிருந்தோம்."

யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோரும். நானும் சிரித்தேன், மூக்கு ஒழுக. ஜெபராஜ் மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து வந்தார். அடிப்பாரோ என்று நினைத்தேன். அடித்திருந்தால் நியாயம். நல்ல கையால் ஆணியைப் பிடுங்கி ஊன்றுகோலை என்னிடம் கொடுத்தார். சுவரில் இருந்த தாளைக் கிழித்தெடுத்து மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

"அப்ப என் தோளு, அண்ணே?"

"திங்கட்கிழமை காலையில உன் தெரபி ஆளுங்களுக்குப் போன் பண்ணு. முதல் நாள் நானும் கூட வரேன். தைலம் மட்டும் எடுத்துட்டு வராதே."

அன்றிலிருந்து வெள்ளிக்கிழமைகளில் எனக்கு ஓரத்தில் ஒரு நாற்காலி, காலை நீட்ட இன்னொரு நாற்காலி. பாட்டு நேரத்தில் உட்கார்ந்தே பாடினேன். வீட்டில் நாளுக்கு ஐந்து முறை துண்டை இழுத்தேன். ஒவ்வொரு முறையும் ஜெபத்தை முழுதாக, மெதுவாகச் சொன்னேன். வீக்கம் வடிந்தது. அடுத்த செவ்வாய் எழுபது வந்தது. அந்தச் சனிக்கிழமை, முதன்முறையாக, எண் இறங்கவில்லை. எழுபத்தெட்டு. டாக்டரைப் பார்ப்பதற்கு முந்தின நாள் ஷர்மினி கூடுதலாக ஒரு நேரம் ஒதுக்கினார். எண்பத்து நான்கு.

"ஆறு டிகிரி" என்றார். அவர் முகத்திலும் ஜோக் இல்லை.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு டாக்டர் அறை. அதே நேரத்தில் சபையார் எல்லோரும் அவரவர் வேலையிடத்தில் ஜெபிப்பதாக வாட்ஸ்அப்பில் எழுதியிருந்தார்கள். வலி மாத்திரை போட்டிருந்தேன். தொளதொள ஷார்ட்ஸ் போட்டிருந்தேன். மேசையில் படுத்தேன். எஸ்தர் என் கட்டை விரலைப் பிடித்துக்கொண்டாள். டாக்டர் கணுக்காலைப் பிடித்து மடக்கினார். எண்பதைத் தாண்டியதும் சுவரில் இடித்ததுபோல் முட்டி நின்றது. நான் ஜெபத்தை ஆரம்பித்தேன், மெதுவாக. பாதியில் ஏதோ இளகியது. சத்தம் எதுவும் இல்லை. சும்மா வழிவிட்டது. அவர் அளவுகோலை வைத்தார். ஒருமுறை பார்த்தார். மறுபடி வைத்துப் பார்த்தார்.

"தொண்ணூற்று ஒன்று. தியேட்டர் வேணாம்."

கேட்டது தொண்ணூறு. ஒன்று கூடுதல். வெளியே வந்து ஷர்மினிக்குப் போன் செய்தேன். "ஐயோ அங்கிள்!" என்று கத்தினார். பின்னாலேயே, "சனிக்கிழமை வந்துடுங்க, நூத்திப்பத்து வேணும்" என்றார்.

பிரியமானவர்களே, ஷர்மினி வேண்டாம் என்று ஜெபித்தவன் நான். கர்த்தர் எனக்குக் கொடுத்த பதிலில் பாதி அந்தச் சகோதரியின் "வெள்ளிக்கிழமை என்ன நடக்குது" என்ற ஒரு கேள்வியில் இருந்தது. மீதி, சுவரில் சிக்கிக்கொண்ட ஒரு ஆணியில் இருந்தது. உங்களில் யாராவது தெரபிக்குப் போகத் தயங்கிக்கொண்டிருந்தால், போங்கள். ஜெபித்துவிட்டுப் போங்கள். வலி எட்டு என்றால் எட்டு என்று சொல்லுங்கள், என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்பதையும் ஒன்று விடாமல் சொல்லுங்கள். வலிக்கும் என்று தெரிந்து போங்கள், எந்த வலிக்கு நிறுத்த வேண்டும் என்பதை முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். கொடுக்கும் தாளைத் துவைத்துவிடாதீர்கள். சுகமான பிறகு சாட்சி சொல்லலாம், அவசரமில்லை. அவர் நம் கைதட்டலுக்காகக் காத்திருப்பவர் அல்ல. உண்மையைச் சொல்கிறவனைத் தாங்கிக்கொள்ள அவருக்குத் தெரியும். என்னைத் தாங்கியவர் உங்களையும் தாங்குவார்.

ஊன்றுகோலை ஆஸ்பத்திரியில் திருப்பிக் கொடுத்தேன். ஜெபராஜின் கை இப்போது காது வரை உயர்கிறது, இன்னும் தெரபிக்குப் போய்க்கொண்டிருக்கிறார். எனக்கு மேலும் நான்கு மாதம் தெரபி ஆயிற்று. பிறகு வேலைக்கான பரிசோதனை வைத்தார்கள், தேறினேன்.

போன திங்கட்கிழமை காலை பஸ்ஸை எடுத்தேன். முதல் ஸ்டாப்பில் மூன்று பேர் நின்றிருந்தார்கள். முழங்காலை மடக்கிப் பிரேக் மிதித்தேன். பஸ் நின்றது.